முள்ளெலித் தோல்

எனக்கு முதல் கோபமே அந்தப் பெயரின் மேல்தான். முள்ளெலி. யாரோ வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அதற்கு இத்தனை வருடமாக நான் பதில் சொல்லிக்கொண்டு திரிகிறேன். அது எலி இல்லை. எலிக்கு இருக்கிற கொறிக்கும் பல் அதற்குக் கிடையாது. மூஞ்சூறுக்குத்தான் தூரத்துச் சொந்தம். சோளத்தையும் தொடாது, கடலையையும் தொடாது. வண்டு, கரையான், மண்ணுக்குள் நெளிகிற புழு, அகப்பட்டால் தேள், இவைதான் அதன் சாப்பாடு. தோட்டம் வைத்திருப்பவருக்கு இதைவிட நல்ல கூலியாள் அமையாது. ஆனால் பெயரில் எலி ஒட்டிக்கொண்டிருக்கிறதே. எலி என்றால் மருந்து வை, தடியால் அடி. அதோடு பேச்சு முடிந்தது.

ஒருமுறை அதற்குப் பாதுகாப்பு கேட்டு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் நல்ல மனிதர்தான். உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார், குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு, "ஏனுங்க மேடம், எலிய ஒழிக்கறதுக்கு வருசா வருசம் நாங்க கூட்டம் போடறமுங்க. நீங்க காப்பாத்தோணும்ங்கறீங்க. நான் எந்தக் கட்சியிலீங்க சேரறது?" என்றார். பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. டீயைக் குடித்துவிட்டு வெயிலில் இறங்கி பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன். வேறென்ன செய்வது?

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தவை இவை. பீளமேட்டில் ஒரு மகளிர் கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். வீடு கணபதியில். முன்பக்கம் நாங்கள் குடியிருந்தோம், பக்கவாட்டில் என் கணவரின் லேத் பட்டறை. காலையில் சமையல், பஸ், பிள்ளைகளுக்குக் கரப்பான்பூச்சியை அறுத்துக் காட்டுவது, மறுபடி பஸ், மறுபடி சமையல். விடைத்தாள் திருத்துகிற மாதங்களில் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிவிடுவேன். இதற்கு நடுவில் எதற்கு உனக்கு இந்த முள்ளெலி என்று கேட்காதவர்கள் இல்லை. ஆராய்ச்சிப் பட்டத்துக்கு என்று சொல்லிவைத்தேன். உண்மை என்னவென்றால், தாராபுரத்துப் பக்கம் என் நங்கையின் ஊரில் முதன்முதலாக ஒன்றைப் பார்த்தபோது எனக்கு அதை ரொம்பப் பிடித்துப்போயிற்று. அதற்கு மேல் காரணம் ஏதும் கிடையாது.

நங்கை என்றால் என் கணவரின் அக்கா. நாத்தனாரை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். அவர்களுக்கு அங்கே கொறங்காடு இருந்தது. கொறங்காடு என்றதும் மரமடர்ந்த காடு என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். மழையை நம்பி மாட்டுக்கும் ஆட்டுக்கும் விட்டுவைத்திருக்கிற மேய்ச்சல் நிலம் அது. அங்கங்கே வெள்வேல மரம், கீழே கொழுக்கட்டைப் புல், சுற்றிலும் கிளுவை முள் நட்டு வளர்த்த உயிர்வேலி. இரண்டு காட்டு வேலிகளுக்கு நடுவே மாடு போகிற தடத்துக்கு இட்டேரி என்று பேர். அந்த வேலியின் தூரில்தான் முள்ளெலி வளை வைத்திருக்கும்.

கையில் அடங்குகிற அளவுதான் இருக்கும். மழைக்காலத்தில் பொழுது சாய்ந்ததும் வெளியே வரும். கூரான மூக்கை ஆட்டி ஆட்டி, மூச்சை உறிஞ்சி உறிஞ்சி நடக்கும். சளி பிடித்த ஆள் நடந்து வருகிற மாதிரி சத்தம் கேட்கும். தொட்டால் முகத்தையும் காலையும் உள்ளே இழுத்துக்கொண்டு பந்தாகிவிடும். கோடையில் பூச்சி கிடைக்காத நாட்களில் வளைக்குள்ளேயே மரத்துப்போய்க் கிடக்கும். எடுத்துப் பார்த்தால் செத்துவிட்டதோ என்று தோன்றும், அவ்வளவு மெதுவாக மூச்சு ஓடும். இன்னொரு பழக்கமும் உண்டு. புது வாசனை எதுவும் பட்டால் அந்தப் பொருளை மென்று, வாயில் நுரையை வரவழைத்து, கழுத்தை முறுக்கித் திரும்பி, தன் முதுகு முள்ளிலெல்லாம் அந்த நுரையைப் பூசிக்கொள்ளும். எதற்குப் பூசுகிறது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. படித்தவர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

ஊர்க்காரர்களுக்கு அதில் சந்தேகமே இல்லை. "அது கக்குதுங்க. அதனாலதான் கக்குவானுக்கு அது மருந்து" என்பார்கள். கக்குவான் என்பது குழந்தைகளுக்கு வருகிற இருமல். இருமி இருமி முகம் கறுத்து, கடைசியில் குடித்த பாலையெல்லாம் கக்க வைக்கும். அதற்கு முள்ளெலியைப் பிடித்து, தோலை முள்ளோடு உரித்துக் காயவைத்து, ஒரு துண்டைச் சுட்டுச் சாம்பலாக்கி, தேனிலோ தாய்ப்பாலிலோ குழைத்துக் குழந்தையின் நாக்கில் தடவுவார்கள். டவுனில் நாட்டு மருந்துக் கடைகளில் அந்தத் தோல்கள் கயிற்றில் தொங்கும். எலி என்று அடிக்கிறவர் ஒரு பக்கம், மருந்து என்று பிடிக்கிறவர் இன்னொரு பக்கம். போதாததற்குக் கிளுவை வேலியைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கல்லுக்காலும் முள்கம்பியும் போடுகிற மோகம் வேறு அப்போது கிளம்பியிருந்தது. அது பாவம் எங்கே போகும்? சுருண்டுகொள்வதைத் தவிர அதற்கு வேறு எதுவும் தெரியாது.

அந்த வருடம் பங்குனியில் நங்கை பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். மாமனார், மாமியார் காலமாகிவிட்டதால் அவர்களுக்குத் தாய்வீடு என்றால் எங்கள் வீடுதான். கல்யாணமாகிப் பதினாறு வருடம் கழித்து நின்ற கரு. பழனிக்கு நடக்காத நடை இல்லை, பார்க்காத டாக்டர் இல்லை. இனிமேல் இல்லை என்று எல்லோரும் விட்டுவிட்ட பிறகு வந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கண்ணாடிப் பாத்திரத்தைத் தூக்கி வருகிற மாதிரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள்.

கொண்டுவந்து விட்டவர் அவர்கள் கணவர். நான் அவரை அண்ணன் என்பேன். அவர் கையில் ஒரு சிமெண்டுச் சாக்கு. உள்ளே ஒரு முள்ளெலி. பக்கத்துக் காட்டுக்காரர் வேலியைத் தோண்டி எடுத்தபோது கடப்பாரை பட்டுப் பின்னங்கால் கிழிந்திருந்தது.

"உனக்கு ஆகுமேன்னு எடுத்தாந்தேன் அம்மணி. பஸ்சுல பக்கத்துல ஒருத்தரும் உக்காரல. சாக்கு புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு உடுது" என்றார்.

வருடக்கணக்காக அவரிடம் சொல்லிச் சொல்லி, அடித்துப் போடாமல் எடுத்து வருகிற அளவுக்கு வந்திருந்தார். எனக்கு அன்றைக்குப் பெருமை பிடிபடவில்லை. பின்கட்டில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு மரப்பெட்டியில் மண்ணும் சருகும் போட்டு அதை வைத்தேன். காயம் சீக்கிரம் ஆறிவிடும். ஆனால் கோடையில் கொண்டுபோய் விட்டால் தின்ன ஒன்றும் இருக்காது. ஐப்பசி மழை இறங்கட்டும், அப்புறம் விட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டேன். கல்லூரியில் அறுத்தது போக மிஞ்சிய கரப்பான்கள் அதற்குச் சாப்பாடாயின. என் கணவர் தலையில் அடித்துக்கொண்டார். நங்கை மட்டும் சாயங்காலமானால் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். "உன்ற ஒறம்பர எந்திரிச்சிருச்சு பாரு அம்மணி. வந்து எலையப் போடு" என்பார்கள். விருந்தாளியை அங்கே ஒறம்பரை என்பார்கள். வீட்டில் அதற்கு அதுவே பேராகிவிட்டது.

வைகாசியில் ஆண் குழந்தை பிறந்தது. நல்ல நிறம், நல்ல எடை. அண்ணன் ஊருக்கும் கணபதிக்குமாக அலைந்தார். ஒவ்வொரு தடவையும் ஒரு தூக்குவாளி நிறைய மோர். அந்த மனிதர் அவ்வளவு சிரித்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

ஒன்றரை மாதம் ஆகியிருக்கும். குழந்தை இரும ஆரம்பித்தது. முதலில் சாதாரணமாகத்தான் இருந்தது. பிறகு இருமல் அடுக்கடுக்காக வந்தது. மூச்சை உள்ளே இழுக்க இடைவெளி கிடைக்காமல் குழந்தையின் முகம் நீலமாகும். பெரிய பிள்ளைகளுக்காவது இருமல் முடிவில் 'ஊ' என்று இழுத்து மூச்சு திரும்பும். இவ்வளவு சின்னதுக்கு அந்தச் சத்தமே வராது. அப்படியே அசையாமல் நின்றுவிடும், நாங்களும் நின்றுவிடுவோம், பிறகு அழும். அழுகை கேட்டால்தான் எங்களுக்கு உயிர் வரும். டாக்டர் பார்த்ததும் கக்குவான் என்றார். தடுப்பூசி இப்போதுதான் தொடங்குகிற வயது, உடம்பில் எதிர்ப்பு இன்னும் வந்திருக்காது என்றார். மருந்து எழுதிக் கொடுத்தார். மூச்சு நின்றால் ஒரு நிமிடமும் யோசிக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள் என்றார்.

அடுத்த நாளே அண்ணன் ஊரிலிருந்து வந்துவிட்டார். குழந்தையைப் பார்த்தார். நேராகப் பின்கட்டுக்குப் போய்ப் பெட்டிக்கு முன்னால் நின்றார். எனக்குப் புரிந்துவிட்டது. அடுப்பை அணைத்துவிட்டு நானும் போனேன்.

"நான் கொண்டாந்ததுதான அம்மணி. நானே எடுத்துக்கறேன்" என்றார்.

"அண்ணா, உதுந்த முள்ளு பெட்டியில கெடக்குதுங்க. வேணுங்கற அளவுக்குப் பொறுக்கித் தாரேனுங்க."

"உதுந்தது ஆகாது. தோலோட சுடோணும்."

"டாக்டர் குடுத்த மருந்து உள்ள போயிட்டிருக்குதுங்ணா. வேல செய்யறதுக்கு ரெண்டு நாள் உடோணுமில்லீங்களா?"

"அது அது பாட்டுக்குப் போகட்டும். இது இது பாட்டுக்குக் குடுக்கறது."

நியாயமாகத்தான் பேசினார். கோபப்படவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. எனக்குத்தான் ஆத்திரம் பொங்கியது. எத்தனை வருடமாக எத்தனை பேரிடம் இதே பேச்சு. வகுப்பில் கேள்வி கேட்கிற மாதிரி அவரைப் பார்த்து, "அந்த முள்ளுல என்னங்ணா இருக்குது? நம்ம நகம் எதுல ஆனதோ அதுலதான் அந்த முள்ளும் ஆயிருக்குது. ரெண்டும் ஒண்ணுதானுங்க, துளிகூட வித்தியாசமில்ல. உங்க நகத்தச் சுட்டுக் குடுத்தா இருமல் நிக்குமுங்களா?" என்றேன்.

அவர் தன் கையைத் திருப்பிப் பார்த்தார். நகத்துக்குள் செம்மண் அப்பியிருந்தது.

"நான் படிக்காதவன் அம்மணி. எனக்கு அதெல்லாந் தெரியாது. பதனாறு வருசம் கழிச்சு வந்தவன். ஒண்ணச் செய்யாம உட்டுப்போட்டேன்னு நாளைக்கு நான் நெனைக்கக் கூடாது, அவ்வளவுதான்" என்றார்.

பட்டறையில் லேத் ஓடுகிற சத்தம் நின்றிருந்தது. என் கணவர் அங்கிருந்தே கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளறையில் நங்கை குழந்தையைத் தோளில் போட்டு முதுகைத் தடவிக்கொண்டு நின்றார்கள். அவர்களும் எல்லாவற்றையும் கேட்டிருந்தார்கள். கடையில் காய்ந்த தோல் வாங்கித் தருகிறேன், இதை விட்டுவிடுங்கள் என்று அண்ணனிடம் சொன்னேன். அவர் சரி என்று தலையாட்டினார். எந்த வியாபாரத்தை நிறுத்தச் சொல்லி வருடக்கணக்காகக் கத்தினேனோ அதற்கே பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

டவுனில் பழைய கடைவீதியில் அந்த நாட்டு மருந்துக் கடை. நடத்தியவர் ஒரு பாய். தலைமுறையாக அதே இடத்தில் இருப்பவர்கள். எத்தனை தோல் தொங்குகிறது என்று பார்த்துப்போவதற்காக அடிக்கடி அங்கே போவேன். அவருக்கு என்னைத் தெரியும். முள்ளெலியைக் கொல்ல வேண்டாம், அதில் மருந்து இல்லை என்று நான் எழுதிக் கொடுத்த தாளைத் தன் கடைக் கதவிலேயே ஒட்டிக்கொள்ள விட்டவர். கடைசி ஒரு வருடமாக அந்தக் கயிற்றில் ஒரு தோலும் தொங்கவில்லை. என் பேச்சு எடுபட்டுவிட்டது என்று கல்லூரியில் ஒரு கூட்டத்தில்கூட இதை எடுத்துச் சொல்லியிருந்தேன். கை தட்டினார்கள்.

"பாய், ஒரு முள்ளெலித் தோல் வேணுமுங்க" என்றேன்.

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். கேலி செய்திருக்கலாம். செய்யவில்லை.

"யாருக்குங்கம்மா ஒடம்பு முடியல?"

சொன்னேன். "எனக்கு பயந்துட்டு உள்ள வச்சிருந்தீங்கன்னா பரவால்லீங்க. எடுங்க" என்றேன்.

"அப்பிடி இல்லீங்கம்மா. வரத்து இல்லீங்க. நீங்க காயிதம் ஒட்டறதுக்கு முன்னாலயே கொறஞ்சுபோச்சு. கொண்டாறவங்க வேலி வேலியாத் தேடிப் போறாங்க. கெடைக்கறதில்லைங்கறாங்க. பொய் சொல்லறதுக்கு என்ன இருக்குதுங்க? மயிலெறகு இருக்குது, சுட்டுக் குடுத்துப் பாருங்க."

அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். மிளகாயும் தக்காளியும் வரத்து இல்லை என்று மார்க்கெட்டில் சொல்வார்களே, அதே குரலில்தான் சொன்னார். யாரும் திருந்தவில்லை. பிடிக்க ஒன்றும் மிச்சமில்லை, அதுதான் விஷயம். கை தட்டல் வாங்கியது இதற்குத்தான். அவர் தண்ணீர் கொடுத்தார், குடித்தேன். "கொழந்தைக்கு துவா செய்யறமுங்க. தைரியமாப் போங்க" என்றார். மயிலிறகு வாங்காமல் எழுந்து வந்தேன். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தும் வெளியே எதையும் பார்க்கவில்லை.

வீடு பூட்டிக் கிடந்தது. குழந்தைக்கு மூச்சு நின்றுவிட்டது, ஆட்டோவில் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள் என்று எதிர்வீட்டுக்காரர் சொன்னார். என்னிடமிருந்த சாவியால் திறந்து உள்ளே போய், பின்கட்டில் பெட்டியைப் பார்த்தேன். சருகுக்குள் முள்ளெலி சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. கையில் அகப்பட்ட துணிகளைப் பையில் போட்டுக்கொண்டு ஓடினேன்.

குழந்தைகள் வார்டில் ஒரே கூட்டம், ஒரே அழுகை. குழந்தைக்கு ஆக்சிஜன் வைத்திருந்தார்கள். அண்ணன் சுவரைப் பார்த்து நின்றார். நங்கை கட்டிலோரம் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். துணியை வாங்க நீட்டிய கையைப் பார்த்துத் திடுக்கிட்டேன். பத்து விரலிலும் நகம் சதையோடு ஒட்ட வெட்டப்பட்டிருந்தது. இரண்டு விரலில் ரத்தம் காய்ந்திருந்தது. குழந்தையின் கீழுதட்டில் சாம்பல் நிறத்தில் ஒரு தீற்று.

"என்னுங்க நங்கை இது?" என்றேன்.

"நீதான அம்மணி சொன்ன, ரெண்டும் ஒண்ணுதான்னு" என்றார்கள். "நீ கடைக்குப் போனதுக்கப்பறம் யோசிச்சேன். பச்ச மண்ணு பேருல ஒரு உசுரு எதுக்குப் போகோணும்? நகந்தான வேணும், அது என்ற கையிலயே இருக்குது. சுட்டு, பால்ல கொழச்சு, நாக்குல வெச்சு உட்டுட்டேன். பொறவுதான் மூச்சு நின்னுச்சு, தூக்கிட்டு வந்தம்."

முள்ளும் நகம் மாதிரிதான், அதனால் முள்ளில் மருந்து இல்லை என்று நான் சொன்னேன். நகமும் முள் மாதிரிதான், அதனால் நகத்திலும் மருந்து உண்டு என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஒரே வாக்கியம்தான். எந்தப் பக்கமிருந்து படித்தாலும் சரியாகத்தான் இருந்தது. "நான் சொன்னது அதுக்கில்லீங்க நங்கை" என்று தொடங்கினேன். அவர்கள் முகத்தைப் பார்த்தேன். முடிக்கவில்லை. மேடைகளில் ஏறி எத்தனையோ பேசியிருக்கிறேன், ஒரு முள்ளெலியும் அதனால் பிழைத்ததாக என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஒன்று பிழைத்தது இவர்கள் விரல் நகத்தால். எனக்கு அவர்கள் மேல் அவ்வளவு பிரியம் வந்தது, அவ்வளவு பயமும் வந்தது.

குழந்தை பிழைக்கவில்லை. மூன்றாம் நாள் காலை அடங்கிவிட்டது.

நான் டாக்டரைத் தனியாகப் பார்த்தேன். நகச் சாம்பலால் எதுவும் கெட்டதா என்று கேட்டேன். இல்லை என்றார். இன்னும் முன்னால் கொண்டுவந்திருந்தால் என்றேன். இந்த வயதில் இவ்வளவு கடுமையாக வந்தால் பெரிய ஊர்களிலும் பாதி கையை விட்டுப் போகிறதுதான் என்றார். கேட்டவர்களுக்கு எடுத்துச் சொல்லலாம் என்று அதையெல்லாம் மனதில் பத்திரமாக வைத்துக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை. ஊருக்குக் கொண்டுபோய் அவர்கள் கொறங்காட்டின் ஓரத்திலேயே புதைத்தார்கள். நங்கை அதற்கப்புறம் எங்கள் வீட்டுக்குத் திரும்பவில்லை.

முள்ளெலி மட்டும் பெட்டியில் இருந்தது. காயம் ஆறி, கொழுத்து, சாயங்காலமானால் மூச்சை உறிஞ்சிக்கொண்டு சுற்றிவரும். சில நாள் எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்காது. கரப்பானைத் தூக்கிப் போட்டுவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவேன். அதன் மேல் என்ன தப்பு இருக்கிறது? தெரியும். ஆனாலும் பிடிக்காது. ஆராய்ச்சிக்கு எடுத்து வைத்திருந்த குறிப்புகளையும் அந்த மாதங்களில் தொடவில்லை. என் கணவர், "கொண்டுபோய் உட்டுட்டு வந்துரு. ஊட்டுல வேண்டாம்" என்று ஒரே ஒரு தடவை சொன்னார்.

ஐப்பசியில் நல்ல மழை இறங்கியது. அதே சிமெண்டுச் சாக்கு மாதிரி ஒன்றில் போட்டுக்கொண்டு தாராபுரம் பஸ் ஏறினேன். வழியெல்லாம் பழைய வேலிகள் போய்க் கல்லுக்கால் நின்றது. அண்ணன் காட்டில் மட்டும் கிளுவை அப்படியே இருந்தது. அவர் என்னைப் பார்த்ததும் சாக்கைப் பார்த்தார். "காப்பி குடிச்சுட்டுப் போ அம்மணி" என்று சொல்லிவிட்டு மாட்டைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். நங்கை கூட வந்தார்கள்.

இட்டேரியில் செம்மண் சேறாகக் கிடந்தது. வேலித் தூரில் ஓர் இடம் பார்த்துச் சாக்கைக் கவிழ்த்தேன். அது பந்தாகவே கிடந்தது. நாங்கள் இரண்டு பேரும் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தோம். ரொம்ப நேரம் கழித்து மூக்கு மட்டும் வெளியே வந்தது. மண்ணை மோந்தது. பிறகு காலை ஊன்றி, அவசரமே இல்லாமல், முள்ளுக்கு அடியில் நுழைந்து போனது.

நங்கை அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு கேட்டார்கள்: "அம்மணி, ஒண்ணு கேட்டா நெசமாச் சொல்லுவியா? என்ற நகம் ஆகல. அந்த முள்ளா இருந்திருந்தா ஆயிருக்குமா?"

"ஆயிருக்காதுங்க நங்கை."

"நெசமா?"

"நெசமாலுமுங்க."

தலையை ஆட்டிக்கொண்டார்கள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, சேலைக் கொசுவத்தில் ஒட்டிய சேற்றைத் தட்டிவிட்டார்கள். அதன் பிறகு வீடு வரைக்கும் மழையைப் பற்றித்தான் பேசினோம்.

அதோடு விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். விடவில்லை. அடுத்த முறை ஒரு கல்யாணத்தில் பந்தி முடிந்து கை கழுவுகிற இடத்தில் அதே கேள்வியை அதே வார்த்தைகளில் கேட்டார்கள். பொங்கல் நோம்பிக்குப் போனபோதும் கேட்டார்கள். ஒருமுறை எனக்கு எரிச்சல் வந்து, எத்தனை தடவை சொல்லுவேனுங்க நங்கை என்று கேட்டுவிட்டேன். அவர்கள் கோபித்துக்கொள்ளவில்லை. "நீ இல்லைன்னு சொல்லீட்டுப் போனீன்னா ஒரு வாரத்துக்குத் தூக்கம் வருது அம்மணி. பொறவு மறுக்காவும் வந்துருது" என்றார்கள்.

அதற்குப் பிறகு நான் எண்ணுவதில்லை. முள்ளெலி பார்க்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு சனிக்கிழமைகளில் கிளம்புவேன். இட்டேரி முழுக்க நடந்தும் பல தடவை ஒரு வளைகூடக் கண்ணில் படாது. திரும்பி வருகிற வழியில் நங்கை வாசலில் நிற்பார்கள், கேட்பார்கள். ஆயிருக்காதுங்க நங்கை என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிப்பேன்.